ஈனிட் மிஸ்ஸின் அணையாத் திரை

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை அவர்கள் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவது எழுத்துலக மரபு. ஈனிட் மோசஸ் பெரிய மனுஷி அல்ல. புனேயில், கோர்படிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். எனவே அவருடைய வாழ்க்கையை அவர் வீட்டுக் குளியலறையிலிருந்து தொடங்கினால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. அந்தக் குளியலறையில் வாளி இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு பழைய கம்ப்யூட்டரின் மேல்மூடி நின்றுகொண்டிருக்கும். அது குளித்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரர் கார்ல் மோசஸ் குளிக்கலாம்.

முப்பது நாற்பது வருடத்துக் கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக், காலம் போகப் போக, பீடி குடிப்பவரின் பல்லைப்போல மஞ்சளடித்துவிடும். சோப்புக்குப் போகாது. பார்லர்களில் தலைமுடியைப் பொன்னிறமாக்கப் பூசுகிற க்ரீமைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நல்ல வெயிலில் வைத்தால், பிறந்த அன்று இருந்த வெளுப்புக்குத் திரும்பும். இந்த உண்மையை உலகம் கண்டுபிடித்துக் கொஞ்ச காலமாகிவிட்டது. கோர்படிக்கு அதைக் கொண்டுவந்தவர் ஈனிட் மிஸ்.

பார்லர் நடத்துகிற அலினா, மிஸ்ஸிடம் படித்த பெண். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, இத்னா க்ரீம், இவ்ளோ க்ரீம் யாருக்கு? உங்க முடி பிளாக்தான் இருக்கு. அங்கிளுக்கு முடியே இல்ல."

"கீபோர்டுக்கு" என்றார் மிஸ்.

அலினா அதற்குமேல் கேட்கவில்லை. டீச்சர்கள் ரிட்டயராகும் வயதில் கொஞ்சம் அப்படித்தான் ஆவார்கள் என்று அவளுக்குப் பள்ளியிலேயே தெரியும்.

மே மாதம் முழுக்க மொட்டைமாடியில் மற்ற வீட்டுக்காரிகள் பாப்பட் என்கிற வடக்கத்தி அப்பளம் காயவைப்பார்கள், மிஸ் கீபோர்டு காயவைப்பார். வீட்டு வேலைக்கு வரும் வைஜயந்தி இரண்டுக்கும் சேர்த்துக் காக்கா விரட்டுவாள்.

வம்ச வரலாறு சுருக்கமானது. ஈனிட்டின் அப்பா தெற்குச் சீமை நாசரேத்திலிருந்து ராணுவ அலுவலகத்துக்குக் குமாஸ்தாவாக வந்தவர். திரும்பிப் போகவில்லை. மகள் இங்கேயே பிறந்து, படித்து, டீச்சராகி, இங்கேயே பிறந்த இன்னொரு நாசரேத்துக்காரரைக் கட்டிக்கொண்டார். கார்ல் ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ஜெரால்டின் கல்யாணமாகி துபாய் போன அன்று சாயங்காலம், விமானம் மேலே ஏறியதா என்றுகூடத் தெரியாத நேரத்தில், அவளுடைய அறைக்குள் ஆறு கம்ப்யூட்டர்கள் குடியேறின. அவை அதுவரை கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவை. பள்ளி ஆய்வகத்தில் புது மெஷின் வரும்போதெல்லாம் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லுவார்கள். அனுப்ப வேண்டிய பொறுப்பு மிஸ்ஸினுடையது. அவர் பொறுப்போடு வீட்டுக்கு அனுப்பினார். பிறகு ஜூனா பஜார் பழக்கமாயிற்று. அது ஞாயிறும் புதனும் கூடுகிற பழைய சாமான் சந்தை. ஞாயிறு சர்ச் இருப்பதால் மிஸ் புதன்கிழமைக்காரி.

இந்த மெஷின்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மிஸ் நேராகப் பதில் சொல்லுவார்: "விளையாடுததுக்கு." ஐம்பத்தாறு வயதில் ஒரு டீச்சர் இதைச் சொல்லக் கேட்டால் மனிதர்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். ஆராய்ச்சி என்றோ பாரம்பரியப் பாதுகாப்பு என்றோ சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் பொய் சொல்லுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. இதனால் பின்னால் என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வரலாற்றின் சாரம்.

புனேயில் இப்படிப்பட்டவர்கள் ஒரு கைப்பிடி பேர் உண்டு. மாதம் ஒருமுறை, நகரத்தின் அடுத்த கோடியான நிக்டியில், ஓய்வுபெற்ற பத்ரிநாத்தின் குடியிருப்புப் பொதுக்கூடத்தில் சங்கமாகக் கூடுவார்கள். தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர் பத்ரிநாத். சங்கத்தின் தலைவர், செயலாளர், இட்லி கொண்டுவருபவர் எல்லாம் அவரே. சங்க விதிகளை எழுதியவரும் அவர்தான்.

விதிப்படி, விளையாட்டு மெஷின்கள் இரண்டு பிரிவு. உள்ளே புதுச் சில்லு, புது நினைவட்டை என்று எதையாவது சேர்த்தவை மாற்றிய பிரிவு. கம்பெனி செய்து அனுப்பியபடியே இருப்பவை மாற்றாத பிரிவு. இரண்டாவதுதான் கௌரவமானது. அதில் ஒருவர் சாதனையை இன்னொருவர் முறியடித்தால், முறியடிக்கப்பட்டவர் நேரில் வந்து, அந்த எண்ணைத் திரையில், தம் கண்ணால் பார்க்க வேண்டும். போட்டோ செல்லாது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் அனுப்பும் போட்டோவை யார் நம்புவது? மாற்றாத பிரிவின் முக்கியமான சாதனை அப்போது பத்ரிநாத்திடம்தான் இருந்தது. அந்தச் சாதனையும் அந்த விதியும் ஒரே மாதத்தில் பிறந்தது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம்.

மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறை முடியும் தறுவாயில், ஒரு பிற்பகல். மிஸ்ஸின் அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இங்க வாங்க."

"பால் அடுப்புல கெடக்கு" என்றார் கார்ல்.

"பொங்கினா பொங்கட்டும். வாங்க."

கார்ல் வந்து பார்த்தார். எண்பதுகளில் இங்கிலாந்தில் செய்த ஒரு கம்ப்யூட்டர். பார்த்தால் தடித்த கீபோர்டு போல இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் திரை. சுரங்கத்துக்குள் ஒரு குட்டி மனிதன் ஏணி ஏறி இறங்கி வைரம் பொறுக்குவான், வௌவால்கள் அவனைக் கடிக்க வரும். அதுதான் விளையாட்டு. அன்றைக்கு அந்தக் குட்டி மனிதன் செத்துக் கிடந்தான். அவனுக்கு மேலே பெரிய எழுத்தில் 98740 என்று நின்றது.

"பத்ரி சாரோடதவிடக் கூடவா?"

"அவரு தொண்ணூத்தோராயிரம்."

"அப்பம் போனப் போடு."

பத்ரிநாத் போனில் மிகவும் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் இருமல் கலந்திருந்தது.

"ரொம்ப சந்தோஷம் மிஸ். ஆனா பாருங்கோ, நாளைக்கு கார்த்தால ஸ்ரீரங்கம் கிளம்பறோம். மச்சினன் பையன் கல்யாணம். அப்படியே நாலு கோவில் பாக்கணும்னு ஆத்துல பாமா சொல்றா."

"எப்ப வருவீங்க சார்?"

"வந்துடுவேன். அதுவரைக்கும் அணைச்சுடாதீங்கோ, என்ன?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்த கொடுமை, அந்தக் காலத்து மெஷின்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றுக்கு மின்சாரம் இருக்கும்வரைதான் ஞாபகம். அணைத்தால் எல்லாம் போச்சு. அடுத்த முறை போடும்போது, உலகத்தில் இதுவரை யாரும் விளையாடியதே இல்லை என்பதுபோல் பூஜ்யத்தைக் காட்டும். ஞாபகத்தைக் காப்பாற்ற ஒரு குட்டிச் சில்லு விற்கிறார்கள். மிஸ்ஸின் மேஜை இழுப்பறையிலேயே இரண்டு கிடந்தன. ஆனால் அதைப் பொருத்தினால் மெஷின் மாற்றிய பிரிவுக்குப் போய்விடும். ஆக, சாதனை நிற்க வேண்டுமென்றால் பத்ரிநாத் நான்கு கோவில் பார்த்துவிட்டு வரும்வரை அந்த மெஷின் இரவும் பகலும் ஓடியே ஆக வேண்டும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நெருக்கடி நிலை அமலுக்கு வந்தது. கை தவறி ஒரு பொத்தான் அமுங்கக் கூடாதென்று கீபோர்டின்மேல் காய்கறிக் கூடை கவிழ்க்கப்பட்டது. அறைக்குள் துடைப்பம் தடை. இன்வெர்ட்டரிலிருந்து போன மற்ற ஒயர்களையெல்லாம் கார்ல் பிடுங்கிவிட்டு, அதன் முழு விசுவாசத்தையும் மெஷினுக்குத் திருப்பினார். அவருக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது.

"ஈனி, திரைய மட்டுமாவது அணைச்சு வையேன். ஞாபகம் பொட்டிக்குள்ளதான கெடக்கு, திரைக்குள்ளயா இருக்கு? நீதான பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்க."

"பிள்ளைங்களுக்கு சொல்லுதது பரீட்சைக்கு. அணைச்சிட்டா, உள்ள உசிரோட இருக்கா இல்லையான்னு நான் எத வச்சுப் பாக்க?"

"மறுபடியும் போட்டுப் பாரு."

"போடுத வரைக்கும் என் நெஞ்சு யாருட்ட இருக்கும்?"

கார்ல் இன்வெர்ட்டரைப் பார்க்கப் போய்விட்டார். திரை அணையவில்லை. கிழட்டுத் திரை, வெளிச்சம் மங்கல். பத்ரிநாத் வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பாரே என்று அதன் பிரகாசத்தை மிஸ் கடைசிவரை திருகி வைத்தார்.

புனேயில் வியாழக்கிழமை என்பது மின்தடைக்காக ஏற்பட்ட கிழமை. அன்று பகலில் பராமரிப்பு வேலைக்காக ஏதாவது ஒரு பேட்டையில் கரண்ட் போகும். முதல் வியாழன், கோர்படியின் முறை. மின்விசிறி நின்றது. கார்ல் பனியனோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். உள்ளே இன்வெர்ட்டரின் முழுச் சக்தியும் ஒரு செத்துப்போன குட்டி மனிதனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வைஜயந்தி இதையெல்லாம் வாசற்படியில் நின்று கவனித்தாள். பேட்டையே கரண்ட் இல்லாமல் கிடக்க ஒரு பச்சை வெளிச்சம் மட்டும் அணையாமல் நிற்கிறது. அதற்காக வீட்டு எஜமானர் வேர்வையில் கிடக்கிறார். எஜமானி ஒரு நாளைக்கு நான்கு தரம் வந்து அதன் முன் நிற்கிறார். நவராத்திரியில் அணையாமல் காக்கிற விளக்கு அவள் வீட்டிலும் உண்டு. விஷயம் விளங்கிவிட்டது.

"தாயி, ஹா அகண்ட் திவா ஆஹே கா?" என்று மராட்டியில் பயபக்தியோடு கேட்டாள். இது அந்த அணையா விளக்குதானா?

நிக்டி சங்கத்தின் மாற்றாத பிரிவைப் பற்றி மராட்டியில் விளக்குவதற்கு மிஸ்ஸுக்கு அன்று தெம்பில்லை. அணையக் கூடாதது என்பதுவரை உண்மைதானே என்று தலையாட்டினார். மறுநாள் காலையில் திரையின் உச்சியில் ஒரு சாமந்திப்பூ இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. வீட்டு ஜெபத்துக்குச் சபைக்காரர்கள் வந்த சாயங்காலம், கார்ல் தன் தொப்பியைக் கழற்றி அந்தப் பூவின்மேல் கவிழ்த்து வைத்தார். நீண்ட ஜெபம் முழுவதும் அந்தத் தொப்பி பச்சையாக ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. சபைக்காரர்கள் நல்லவர்கள்.

ஜூன் பிறந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து செய்தி: பாமாவின் நான்கு கோவில்கள் ஒன்பதாகிவிட்டன. பிறகு பத்ரிநாத் திரும்பி வந்தார், வந்த களைப்பில் ஜுரம். ஜுரம் விட்டபோது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காவல் முழுக்கக் கார்ல் தலையில் விழுந்தது. இடைவேளைக்கு இடைவேளை ஆய்வகத்திலிருந்து போன் வரும்.

"எரியுதா?"

"எரியுது."

அந்த வாரங்களில் தம்பதிகள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இவ்வளவே. நம்மூரில் இதைவிடக் குறைவான பேச்சை வைத்துக்கொண்டு பொன்விழா கொண்டாடியவர்கள் உண்டு.

ஒரு சாயங்காலம் மழைக்காலத்தின் முதல் காற்று வீசி, எங்கேயோ மரம் விழுந்து, கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் முனக ஆரம்பித்தது. இருவரும் அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்தார்கள். கார்ல் ஒரு மாம்பழத்தை நறுக்கினார். பச்சை வெளிச்சத்தில் மாம்பழம் புடலங்காய் போல இருந்தது, ருசி மாறவில்லை.

"போச்சுன்னா என்ன செய்வ ஈனி?" என்றார் கார்ல், கொட்டையை மிஸ்ஸிடம் கொடுத்து.

"என்ன செய்ய? ஒண்ணும் செய்ய முடியாது."

"மறுபடியும் விளையாடி எடுக்கமாட்டியா?"

"வருமா? அன்னைக்கு வந்துது." கொட்டையைக் கொஞ்ச நேரம் சூப்பிவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசமா என் பீரியட கணக்கு மிஸ் கடன் வாங்குதா, இங்கிலீஷ் மிஸ் கடன் வாங்குதா. பரீட்சை வந்தா லேப்ப பூட்டிருவாங்க. கம்ப்யூட்டர்ல பிள்ளைங்க நூத்துக்கு நூறு வாங்கினா, அது தானா வர்ற மார்க்குங்காங்க. இது ஒண்ணாவது நான் போட்டதுன்னு யாராவது பாத்துச் சொல்லட்டுமே."

"நான்தான் பாத்தேன்."

"நீங்க பாத்தா செல்லாது."

"அது சரிதான்" என்று கார்ல் ஒப்புக்கொண்டார். வீட்டுக்காரரின் சாட்சி எந்தக் கோர்ட்டிலும் செல்லாது. கரண்ட் வந்ததும் அவர் முதல் வேலையாக இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மிஸ் மறுபடி நிக்டிக்குப் போன் போட்டார். பத்ரிநாத்தின் குரலில் ஜுரம் இல்லை, புதிதாக ஒரு ஆன்மிகம் வந்திருந்தது.

"எப்படி மிஸ் வரது? பால்கி கிளம்பியாச்சு. எங்காத்து வாசலே தெரியலை, ரோடு பூரா வார்க்கரிதான். இப்ப வண்டிய எடுத்தா நான் கோர்படி வந்து சேரமாட்டேன், பண்டர்பூர்தான் போய்ச் சேருவேன்."

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆஷாட ஏகாதசிக்குப் பண்டர்பூர் போகிற பால்கி என்கிற பல்லக்கு ஊர்வலம் வருடாவருடம் நிக்டி வழியாகத்தான் புனேக்குள் வரும். வார்க்கரி என்கிற யாத்ரீகர்கள் லட்சக்கணக்கில் பாடிக்கொண்டே நடப்பார்கள். அவர்கள் நடக்கும்போது வண்டி ஓடாது. மிஸ் பண்டர்பூர் விட்டலனோடு சண்டைக்குப் போகவில்லை. பால்கி புனேயைத் தாண்டும்வரை காத்திருந்து, அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் பகல் சாப்பாட்டுக்கே வந்துவிடும்படி பத்ரிநாத்தை அழைத்தார். கல்யாணம், கோவில், ஜுரம், பால்கி எல்லாம் தீர்ந்துபோனதால் அவர் வருவதாக ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மிஸ் போகவில்லை. அவருடைய பங்கையும் சேர்த்துக் கார்ல் பாடிவிட்டு வந்து சமையலில் இறங்கினார். மிஸ் நல்ல புடவை கட்டி, மெஷின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். 98740 பச்சையாக நின்றது. மணி அடித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் மின்சாரம் பேச வேண்டியிருக்கிறது. அந்த அறைக்குப் போகிற கரண்டும் இன்வெர்ட்டர் கரண்டும் ஒரே பெரிய சுவிட்சு வழியாகப் போகும்படி கார்ல் அமைத்திருந்தார். தீப்பிடித்தால் ஒரே தட்டில் எல்லாம் அடங்க வேண்டும் என்பது ரயில்வே ஞானம். சுவிட்சு, அறைக்கதவின் பக்கத்தில், தோள் உயரத்தில். பள்ளி ஆய்வகத்தின் மெயின் சுவிட்சும் அதே உயரத்தில், கதவின் அதே பக்கத்தில் இருந்தது. முப்பது வருடமாக ஒவ்வொரு பள்ளி நாளும், கடைசி மணி அடித்ததும், மிஸ் எழுந்து, புடவையைச் சரிசெய்து, கதவை நோக்கி நடப்பார். வெளியே வரும்போது வலது கை தானாக மேலே போய்ச் சுவிட்சைக் கீழே தள்ளும். அந்தக் கைக்கு வேறு யோசனை கிடையாது. நல்ல கை அது, ஒருநாளும் மறந்ததில்லை.

காலிங் பெல் அடித்ததும் மிஸ் எழுந்தார். புடவையைச் சரிசெய்தார். கதவை நோக்கி நடந்தார்.

டக்.

திரையில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. மிஸ் திரும்பிப் பார்த்தபோது, கை இன்னும் சுவிட்சின்மேல் இருந்தது. கார்ல் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து, அறையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நானா?" என்றார் மிஸ் மெதுவாக.

"நீதான்."

மறுபடி மணி அடித்தது. கார்ல் போய்க் கதவைத் திறந்தார். பத்ரிநாத் கையில் ஸ்ரீரங்கத்துப் பிரசாதப் பொட்டலத்தோடு, தோல்வியை ஏற்கத் தயாரான மனிதரின் கம்பீரத்தோடு நின்றுகொண்டிருந்தார். வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்த முகம் அது.

"எங்க மிஸ், காட்டுங்கோ. உங்க ராஜ்யத்த."

"அணைச்சிட்டேன் சார்."

"என்னது?"

"இப்பம்தான். நீங்க பெல் அடிச்சதும், என் கையாலயே."

கரண்ட் போயிற்று, இன்வெர்ட்டர் சதி செய்தது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் பழக்கமில்லை.

பத்ரிநாத் சோபாவில் உட்கார்ந்தார். அவருடைய முகம் மாறியதை விவரிப்பது கடினம். முதலில் உண்மையான வருத்தம். அதைத் தொடர்ந்து, தன் பொருள் திருட்டுப் போகவில்லை என்று தெரிந்தவனுக்கு வருகிற பெரிய, விசாலமான கருணை.

"ஐயோ பாவமே. இத்தனை நாள் காப்பாத்தி... நீங்க கவலப்படாதீங்கோ மிஸ், நான் நம்பறேன். முழுசா நம்பறேன். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. நான் எழுதின விதிய நானே மீறினா நாளைக்கு யார் மதிப்பா?"

"மீற வேண்டாம் சார்."

"காபி கெடைக்குமா?"

அவர் காபி குடித்தார். மனிதர் எதையும் விட்டுக்கொடுக்காமல் தாராளமாக இருக்கிற நேரத்தில் காபி தனி ருசியாக இருக்கும். பிறகு, துக்கம் கேட்க வந்தவர் ஒரு பார்வை பார்க்காமல் போகக் கூடாது என்ற முறைமைக்காக, "அந்த மிஷினயாவது ஒரு நோக்குப் பாத்துடறேன்" என்று அறைக்குள் போனார். ஜன்னல் வெளிச்சம் அணைந்த திரையில் நேராக விழுந்திருந்தது. கண்ணாடிபோல முகம் தெரிந்தது. பத்ரிநாத் நெற்றிக்கு மேல் மிச்சமிருந்த முடியைச் சரிசெய்துகொள்ளக் குனிந்தார். அவர் நெற்றியின் மேல், திருமண் இருக்க வேண்டிய உயரத்தில், ஏதோ எழுதியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு வாய் திறந்தது.

"ஒன்பது. எட்டு. ஏழு. நாலு. பூஜ்யம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. தளேகாவ் தொழிற்சாலையில் தரப் பரிசோதகருக்கு வேலையே அதுதான்: உலோகத்தில் பொறித்த எண்ணைக் குனிந்து பார்த்து, உதவியாளர் குறித்துக்கொள்ள, உரக்கச் சொல்லுவது. அவருடைய கண்ணுக்கும் வாய்க்கும் நேர்ப்பாதை. நடுவில் மூளைக்கு ஸ்டேஷன் கிடையாது. அறையில் வேறு யாரும் திரையைப் பார்க்கவில்லை. பேசாமல் நிமிர்ந்து, சாப்பிட்டுவிட்டு, தொண்ணூற்றோராயிரத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். இப்போது கதவருகே மிஸ், மிஸ்ஸுக்குப் பின்னால் கரண்டியோடு கார்ல்.

"என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே."

"எண் சொன்னீங்க" என்றார் கார்ல்.

இருவரும் வந்து குனிந்தார்கள். அணைந்த திரையில், கருத்த கண்ணாடிக்கு அடியில், பழுப்பாக, அழுத்தமாக, 98740 நின்றது. ஒரே எண்ணை ஒரு மாதத்துக்கும் மேலாக, முழுப் பிரகாசத்தில், ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காலத்துத் திரைகள் அப்படித்தான் வெந்துபோகும். சூடு போட்ட மாதிரி எழுத்து உட்பூச்சில் இறங்கிவிடும். திரைய அணைச்சு வை என்று கார்ல் சொன்ன யோசனையை மட்டும் மிஸ் கேட்டிருந்தால், இன்றைக்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது. கார்ல் இதை உடனே கவனித்தார். கவனித்ததைச் சொல்லவில்லை. அவருடைய இல்லறம் இத்தனை வருடம் ஓடியது இப்படித்தான்.

"சார், இது என்னது?" என்றார் மிஸ்.

"கறை."

"கறையில என்ன எழுதியிருக்கு?"

பத்ரிநாத் குனிந்த முதுகை நிமிர்த்தினார். பிறகு வழக்கறிஞரானார். "மிஷின் ஓடலையே மிஸ். ஓடாத மிஷின்ல எப்படி ஸ்கோர்?"

"ஓடணும்னு விதியில இருக்கா?"

"விதியில..." அவர் மனதுக்குள் தன் விதியைப் புரட்டினார். ஒவ்வொரு சொல்லாக, இட்லி ஆறும்வரை யோசித்து எழுதியது. முறியடிக்கப்பட்டவர் நேரில் வர வேண்டும், வந்திருந்தார். எண்ணைத் திரையில் பார்க்க வேண்டும், திரை இதோ. தம் கண்ணால். கண்ணாடியை மறுபடி கழற்றிப் பார்த்தார், கழற்றினாலும் தெரிந்தது.

"பாத்தீங்களா, பாக்கலையா?" என்றார் கார்ல்.

"பாத்தேன் மோசஸ். எழவு, பாத்துட்டேனே."

"அப்பம் சரி. சாம்பார் கொதிக்குது" என்று கார்ல் போய்விட்டார்.

பத்ரிநாத் நல்ல மனிதர். அதற்காகத்தான் அவ்வளவு நாள் வராமல் இருந்தார், வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தெரிந்து. இப்போது வந்துவிட்டார். போனை எடுத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் செய்தி பதிந்தார்: மாற்றாத பிரிவில் அடியேனுடைய சாதனை இன்று முறியடிக்கப்பட்டது, புதிய எண் இன்னது, அடியேன் நேரில் கோர்படியில் திரையில் கண்டேன், திருமதி ஈனிட் மோசஸுக்கு வாழ்த்துகள். பழைய இருமல் இரண்டு இடத்தில் வந்து போயிற்று. பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸிடம் சொன்னார்:

"அடுத்த கூட்டத்துல திருத்தம் கொண்டு வரேன். மிஷின் ஓடணும்னு."

"கொண்டு வாங்க சார். இனிமே வர்ற ஸ்கோருக்கு."

சில நொடிகளில் குழுவிலிருந்து வாழ்த்துகள் வரத் தொடங்கின. மிஸ் ஒவ்வொன்றாகப் படித்தார். "மிஸ் ராக்ஸ்" என்று ஒருவர் எழுதியிருந்தார், அது யார் என்று தெரியவில்லை. முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. படித்து முடித்ததும் முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"சாப்பாடு ஆக எவ்வளவு நேரமாகும்?" என்றார் பத்ரிநாத்.

"அப்பளம் பொரிக்கணும்."

"அதுக்குள்ள ஒரு ஆட்டம் போட்டுடவா?"

மிஸ் காய்கறிக் கூடையை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டுக் கொடுத்தார். திரை பச்சையாக எழுந்தது. அதிகபட்ச ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் மெஷின் பூஜ்யத்தைக் காட்டியது; அந்தப் பூஜ்யத்துக்கு அடியிலேயே, மங்கலாக, இன்னொரு எண் நின்றது. பத்ரிநாத் அதைப் பார்க்காத மாதிரி விளையாட்டில் இறங்கினார். சுரங்கத்தின் முதல் ஏணியிலேயே சிக்கல். ஒரு வௌவால் அந்த எட்டுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டது. அது வெளியே வந்தபோது குட்டி மனிதன் போய்விட்டான்.

"மிஸ், இதுல எது வௌவால் எது உங்க ஸ்கோர்னே தெரியலை. இந்த ஸ்க்ரீன் ட்யூப மாத்திடுங்கோ."

"எப்படி சார் மாத்துதது?" என்றார் மிஸ், அடுக்களைப் பக்கம் போய்க்கொண்டே. "இது மாத்தாத பிரிவுல்லா."

பத்ரிநாத் அடுத்த உயிரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். அடுக்களையில் எண்ணெய் காய்ந்து, முதல் அப்பளம் விரிந்தது. அறையிலிருந்து குட்டி மனிதன் மறுபடி சாகிற சத்தம் கேட்டது.

"உப்பு பாரு" என்று கார்ல் கரண்டியை நீட்டினார். மிஸ் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது.